நீங்கள் தண்ணீர் ஊற்றிய கீரைப் பெட்டி

அத்தை,

இன்று மத்தியானம் எதிர்வீட்டில் கருவாடு கழுவின தண்ணீரை வாசலில் கொட்டினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் எழுதுகிறேன்.

நம் காலடிப்பேட்டை வீட்டின் பின்பக்க மண்ணில் எதுவும் வராது. வெள்ளத்தில் எண்ணெய்த் தண்ணி ஏறி இறங்கின மண். மழை பெய்தால் இன்னும் மினுக்கும். தரைக்கு மேலே பெட்டி கட்டி நல்ல மண் போட்டால் கீரை வரும் என்று கம்பெனியில் கூட வேலை செய்யும் அக்கா சொன்னாள். ராயபுரத்துப் பழைய மரக்கடையில், கப்பலில் மிஷின் வந்த பெட்டியைப் பிரித்த பலகை வாங்கிவந்தேன். மூலைக்கு மூலை கட்டை நிறுத்தி, முழங்கால் உயரத்துக்கு நானே ஆணி அடித்தேன். அடிப்பலகை கிடையாது, சாக்கை விரித்து, மேலே செம்மண்ணும் சாணி எருவும் கலந்து கொட்டினேன். சுத்தியல் பட்டுக் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது. ஆனாலும் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

நீங்கள் வெற்றிலையை மென்றுகொண்டே வந்து பார்த்தீர்கள். "இன்னாடி இது, சவப்பொட்டி மாதிரி கீது?" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? "வவுத்துலயே ஒண்ணும் தங்கல. பொட்டில வெதச்சு இன்னா கிழிக்கப்போற?" இரண்டாவது தடவையும் கரு கலைந்து, ஆஸ்பத்திரியிலிருந்து நான் வந்து மாசம்கூட ஆகவில்லை. நாக்கில் நரம்பில்லாத மனுஷி நீங்கள்.

முளைக்கீரை வந்தது. விரல் உயரம் எழும்பியதும் ஓரம் கருகிச் செத்தது. எருச் சூடு என்று நினைத்தேன். பாதி மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் போட்டு மறுபடி விதைத்தேன். அதுவும் செத்தது. நீங்கள் உங்கள் பிள்ளையைக் கூட்டிவந்து காட்டினீர்கள். "பாத்தியா நைனா? இவ கைராசி அப்டி. இவ கை பட்டா கீரையே நிக்கல, புள்ள எங்க நிக்கும்? நான் சொல்ற பொண்ண ஒருவாட்டி வந்து பாரு." அவர் கருகின செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். கீரை வராவிட்டால் என் வாழ்க்கையே போய்விடும் என்றானது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

திரும்பவும் விதைத்தேன். ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய் எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால், நீங்கள் பெட்டி ஓரத்தில் குந்திக்கொண்டு, கருவாடு ஊறின உப்புத் தண்ணியைச் சொம்பால் மொண்டு வரிசை வரிசையாக ஊற்றுகிறீர்கள். ஒரு செடியைக்கூட விடவில்லை. என்னைப் பார்த்துப் பதறவும் இல்லை. "பாத்துட்டியா? போய் அவன்கைல சொல்லு. நம்புறானான்னு பாக்கலாம்."

சொன்னேன். "எங்கம்மா அப்டிலாம் செய்யாது" என்றார். அவ்வளவுதான்.

ஆடி போகட்டும், பெண் பார்க்கப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதற்குள் ஒரு காலையில், டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் போய்விட்டீர்கள். தெருவே அழுதது. நானும் அழுதேன், பிழைத்தோமடா சாமி என்று.

மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போனது. இப்போது கீரை பெட்டிக்கு வெளியே வழிகிறது. "அம்மா மேலேந்து பாத்துகினு கீது, அதான்" என்கிறார் உங்கள் பிள்ளை, கீரையைச் சோற்றில் பிசைந்துகொண்டே. வயிறு எரிகிறது எனக்கு.

எனக்கு ஐந்தாம் மாதம், அத்தை. இந்தத் தடவை தங்கிவிட்டது. "அம்மாதான் வந்து பொறக்கப்போகுது" என்று அவர் என் வயிற்றில் கை வைத்துச் சொல்கிறார். பெண்ணாக இருந்தால் உங்கள் பெயர்தானாம். அந்தப் பெயரைச் சொல்லி நான் மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டுமாம். தினமும் உங்கள் படத்தின் முன்னால் என்னை நிற்கவைத்துக் கும்பிடச் சொல்கிறார்.

கும்பிடுகிறேன். யார் வேண்டுமானாலும் வரட்டும், நீங்கள் மட்டும் வராதீர்கள் என்றுதான் கும்பிடுகிறேன். மீறி வந்தீர்களென்றால், உங்களுக்குப் பால் கொடுக்கிறவள் நான்தான். யோசித்துக்கொள்ளுங்கள்.