என் விரல் போதும்

எனக்குத் தலைவாரிவிடுகிறவளுக்கு,

அலுப்பாக இருக்கிறது. இன்றும் கூடத்து விளக்குகள் அத்தனைக்கும் விரலைக் குத்திக் கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ராஜ ரத்தம் திரியில் பட்டால்தான் அரண்மனை விளக்கு எரியுமாம். நான் ராஜா பெற்ற பெண்தானா என்று முணுமுணுப்பவர்களிடம் மந்திரி, "ஜாடை இல்லாட்டி என்னய்யா, ரத்தம் பொய் சொல்லுமா?" என்பார். ராஜா மட்டும் ஒருநாளும் தன் விரலைக் குத்திக்கொண்டதில்லை.

காலையில் என் பாவாடைக்கு நீ ஓரம் தைக்கும்போது ஊசி உன் விரலில் ஏறியது. ஒரு சொட்டு திரியில் விழுந்ததும், பக்கத்தில் அணைந்து கிடந்த விளக்கு குப்பென்று பற்றிக்கொண்டது. நீ பதறிப்போய் ஊதி அணைத்தாய். "ஒண்ணுமில்ல இளவரசி, திரியில பழைய கங்கு இருந்திருக்கும்" என்றாய். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இனி ஊசியைத் தொடாதே. கேட்டால் கண் மங்கிவிட்டது என்று சொல். தெரிந்தால் உன்னையும் விட்டுவைக்க மாட்டார்கள். இந்த விளக்குகளுக்கு என் விரல் போதும்.

நாளைக்கும் தலைவார வா. கதவைச் சாத்தியதும் ஒரே ஒரு தடவை, இளவரசி என்று சொல்லாமல், "வாடி" என்று கூப்பிடு.

உன் ஜாடையில் இருக்கிறவள்