மீரிம் அழவில்லை என்றார்கள்

ஜனவரி 16, திங்கள்

காலை உடற்பயிற்சி. திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் இருந்துகொண்டு கழுத்தை இடமும் வலமும் திருப்பினோம். ஒருவன் மட்டும் படுக்கையிலேயே கிடந்துகொண்டு தலையை ஆட்டினான். பின்னால் தெரிந்தது சுவர் இல்லை, தலையணை உறை. நான் அடுத்த பயிற்சிக்குப் போனேன்.

ஆபீஸ் கட்டிடத்தைக் காலிசெய்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு என் வேலையின் பெயர் மாறிவிட்டது. முன்பு லீவும் சம்பளமும் பார்த்தவள், இப்போது ‘மகிழ்ச்சிப் பொறுப்பாளர்’. அக்காவிடம் சொன்னபோது, “ஏன்டி கனிஷாய், சர்க்கஸ்ல சேந்துட்டியா?” என்று கேட்டாள்.

மீரிம் ஒருத்திதான் உண்மையாகச் சிரிக்கிறாள். எங்கோ வெளிநாட்டில் பார்சல் வராமல் கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்க ஹெட்போனில் பதில் சொல்லிவிட்டும் சிரிக்கிறாள். ஓஷ் பஜார் பக்கம் ஒரு வாடகை அறையில் தனியாக இருக்கிறாள். ஊர் அத்பாஷி, மலைக்கு அந்தப் பக்கம். “அக்கா, எங்க ஊரு மாடுகூட காலைல இவ்வளவு கழுத்தாட்டாது” என்றாள் இன்று. எல்லோரும் சிரித்தார்கள். இன்றைய மகிழ்ச்சி அவ்வளவுதான்.

ஜனவரி 20, வெள்ளி

நான் நச்சரித்துக் கேட்டது கிடைத்துவிட்டது. இனி யாருக்காவது குழந்தை, கல்யாணம், துக்கம் என்று லீவு பதிவானால், எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் ஒரு அட்டை தானாகவே வந்துவிடும். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் யாரையும் நாம் மறந்துவிடக் கூடாது என்று மேலாளர் சமாத்திடம் ஒரு மாதம் வாதாடினேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 25, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் மீரிமின் சித்தப்பா துராத் போன் செய்தார். விடியும்போது அவள் அப்பா போய்விட்டாராம். “அவகிட்ட ஒரு வார்த்த மூச்சு விடாதம்மா. அவ பெரியம்மா ரெண்டு பேரும் அத்தையும் கார்ல கெளம்பிட்டாங்க. நாலு பேரு சுத்தி உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சொல்லணும். அதுவரைக்கும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னே அவ நெனச்சிருக்கட்டும். நீ லீவு மட்டும் வாங்கிக் குடு.”

எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? என் தம்பி செத்தபோது, ரஷ்யாவிலிருந்த அவன் மனைவியை விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் பொய் சொல்லியே கூட்டிவந்தவள் நான். சாவை யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. இதைவிடப் பெரிய ஆறுதல் ஏற்பாட்டை எந்த ஆபீஸ் கண்டுபிடித்திருக்கிறது?

சமாத்திடம் சொன்னேன். “அவளுக்கு இன்னும் தெரியாது. யாரும் சொல்லிடாதீங்க. லீவு மட்டும் போடுங்க.”

“சரிக்கா. நான் பாத்துக்கறேன்” என்றான்.

பார்த்துக்கொண்டான். சும்மா லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், பாவம் பெண் என்று, காரணத்தில் ‘தந்தை மறைவு’ என்று போட்டான். பதிவான அந்த நொடியே அட்டை வந்துவிட்டது. கறுப்புக் கரை, ஒரு மெழுகுவத்தி, மீரிமின் சிரித்த முகம். ‘தந்தையை இழந்த நம் மீரிமுக்கு ஆறுதல் சொல்வோம்.’ கீழே அதற்குள் எத்தனையோ இதயங்கள். ஒருவன் அழும் பொம்மை போட்டிருந்தான்.

பதறிப்போய் அவளைக் கூப்பிட்டேன். ‘வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருக்கிறார்’ என்று காட்டியது. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும். பிறகு அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்துவிட்டது.

டாக்ஸி பிடித்து அவள் அறைக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அந்த மூன்று பெண்களும் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது, யார் முதலில் பேசுவது என்று வழி முழுக்கப் பேசி வைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். முகத்தைத் துடைத்துச் சரிசெய்துகொண்டு கதவைத் தட்டினார்கள்.

மீரிம் திறந்தாள். “தெரியும்” என்றாள்.

ஜனவரி 26

சமாத்: “மன்னிச்சிடுங்கக்கா, எனக்கு அந்த அட்டை ஞாபகமே இல்ல. ஆனா கேட்டது நீங்கதானே?”

ஆமாம். நான்தான்.

ஜனவரி 28, சனி

அத்பாஷி போய்விட்டு வந்தேன். டோலோன் கணவாயில் பனி வண்டியை மறித்துவிட்டது. போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் துக்கத்துக்குப் போட்ட கம்பளிக் கூடாரம் நின்றது. வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். புதிதாக ஒரு ஆள் நுழையும்போதெல்லாம் குரல் மறுபடியும் ஏறும்.

மீரிமும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். சத்தம் இல்லை. கண்ணில் பொட்டு ஈரமில்லை. வழக்கப்படி நான் கட்டிப்பிடித்தபோது மரக்கட்டை மாதிரி இருந்தாள்.

துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக போர்சோக் என்ற சின்ன ரொட்டித் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்படியில் பேசியது எனக்குக் கேட்டது.

“பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு விடலியே.”

“பட்டணம் போனா அப்படித்தான். காஞ்சு போயிடுவாளுங்க.”

“வாசல்ல எறங்குறப்பவே கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி கத்தணும். இவ என்னமோ விருந்துக்கு வந்தவ மாதிரி செருப்ப ஓரமாக் கழட்டி வச்சுட்டு வர்றா.”

அவள் அம்மா உரும்கான் அதையெல்லாம் கேட்டுக்கொண்டே ரொட்டி எடுத்து வைத்தாள். ஒரு மகள் தன் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய முதல் அழுகை, ஊரே கேட்க அந்த முற்றத்தில் எழுந்திருக்க வேண்டும். அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத் துப்பில்லாமல் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, வியாழன்

தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு. ‘துயர நேரத்தில் உடனடி ஆதரவு’ என்று மற்ற ஊர்க் கிளைகளுக்கு நான் பேச வேண்டுமாம். படத்தோடு. மெழுகுவத்தி அட்டையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

நாசமாப் போக.

பிப்ரவரி 14

மீரிம் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கழுத்தை இடமும் வலமும் திருப்புகிறாள். ஒரு பேச்சு இல்லை.

மார்ச் 6, திங்கள்

நேற்று அவள் அப்பாவின் நாற்பதாம் நாள். இன்று மீரிம் தானாகவே கூப்பிட்டாள். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை.

“அம்மா என்கிட்ட பேச மாட்டேங்குதுக்கா. நாப்பதுக்குப் போயிருந்தேன். டீய மத்தவங்க கையில குடுத்து அனுப்புது. சொந்தக்காரங்க முன்னாடி தலை குனிய வச்சிட்டியே, ஒரு சத்தம்கூடவா உனக்கு வரலைன்னு சித்தி மூலமா கேக்குது.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“நான் அழுதேன்க்கா. அந்த அட்டையப் பாத்ததும் கத்தினேன். தொண்டை கிழிஞ்சிருச்சு. பக்கத்து ரூம்காரி செவுத்தத் தட்டுனா. அப்போ லைன்ல ஒரு ஆளு இருந்தான். எல்லா போன் காலும் ரெக்கார்டு ஆகும்ல? அத எடுத்துக் குடுங்க. அம்மா கேக்கட்டும். அதுக்கப்புறம் பேசலைன்னாலும் பரவாயில்ல.”

“எடுத்துத் தரேன்” என்று சொன்னேன். வேறு எதற்கு நான் அந்த நாற்காலியில் இருக்கிறேன்?

மார்ச் 9, வியாழன்

சமாத் முடியாது என்றான். வாடிக்கையாளர் குரல் வெளியே போகக் கூடாதாம். கத்தினேன். கெஞ்சினேன். கடைசியில், “எடுத்துட்டுப் போக விட மாட்டேன்க்கா. வேணும்னா நீங்க கேளுங்க” என்று திறந்துகொடுத்தான்.

கேட்டேன். ஒரு ஆள், மகனுக்குப் பனிச்சறுக்கு பூட்ஸ் வரவில்லை என்று ரஷ்ய மொழியில் புலம்புகிறான். மீரிம்: “உங்க பார்சல் நேத்தே கெளம்பி—” அங்கே நின்றுவிடுகிறது. ஒரு மூச்சு. பிறகு அதே குரலில், “ஒரு நிமிஷம் காத்திருங்க.”

அப்புறம் இசை. காத்திருப்பவர்களுக்குப் போடும் அந்தப் பியானோ. ஓடி முடிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஓடியது. லைனை நிறுத்தி வைத்துவிட்டால் அவள் பக்கத்துச் சத்தம் பதிவாகாது. பிறகு அவள் திரும்பி வருகிறாள். “காத்திருந்ததுக்கு நன்றி. நாளைக்கு வந்துடும். வேற ஏதாவது உதவி வேணுமா?”

அந்த ஆள் அவளுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறான்.

மூன்று தடவை கேட்டேன். பியானோவுக்குப் பின்னால் எங்காவது கேட்காதா என்று. கேட்கவில்லை. கத்துவதற்கு முன்னால் பட்டனை அமுக்கியிருக்கிறாளே, என்ன பிறவி இவள்? இல்லை — என்ன பிறவிகளாக ஆக்கி வைத்திருக்கிறோம் இவர்களை?

மார்ச் 11, சனி

மீரிமிடம் சொல்லவில்லை. நான் மட்டும் அத்பாஷி போனேன்.

உரும்கான் தனியாக இருந்தாள். மேஜை விரிப்பைப் போட்டு ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். நான் எதையும் தொடாமல் பொய்யைத் தொடங்கினேன். ஆபீஸில் ரெக்கார்டிங் இருக்கிறது, வெளியே தர மாட்டார்கள், ஆனால் என் காதால் கேட்டேன், உன் மகள் கதறியிருக்கிறாள்.

“என்ன சொல்லிக் கதறினா?”

இதற்கு நான் தயாராக இல்லை. ஆனால் வார்த்தை தானாகவே வந்தது. ‘அப்பா, என் அப்பா, என்ன விட்டுட்டுப் போயிட்டியே, என் மலையே’ என்று நானே அழுது காட்டினேன். பாதியில் நடிப்பு எங்கே போனதோ, நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

உரும்கான் முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: “மீரிம் எங்களுக்கு மூத்தவ; எங்க வழக்கப்படி மூத்தவள என் மாமனார் மாமியார் எடுத்து வளத்தாங்க. அவ அவங்களத்தான் அப்பா அம்மான்னா. பெத்தவர அண்ணேன்னுதான் கூப்பிடுவா. சாகுற வரைக்கும் அண்ணேதான்.”

இத்தனை வருடம் ‘எங்கப்பா’ என்றுதான் எங்களிடம் பேசியிருக்கிறாள். வீட்டில் எப்படிக் கூப்பிடுவாள் என்று நான் கேட்டதே இல்லை.

“பொய் சொல்றதுக்காகவா இந்தக் குளிர்ல கணவாய் தாண்டி வந்த?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை. அதைக் கேட்டு வாங்கியவள் நான் என்பதை. பூட்ஸ் வராத ஆளை. பியானோவை. உரும்கான் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ரொட்டியை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

“தனியாவா கேட்டா?” என்று மட்டும் கேட்டாள். “எம் பொண்ணு தனியாவா கேட்டா? என்கிட்ட யாருமே சொல்லலியே.” பிறகு, “கூட்டிட்டு வா” என்றாள்.

மார்ச் 14, செவ்வாய்

மீரிம் லீவு கேட்கவில்லை. நானும் போடவில்லை. எந்தக் காரணத்தில் போடுவது? காலையிலேயே காரில் கிளம்பிவிட்டோம். சமாத் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். உடற்பயிற்சி நடத்த ஆள் இல்லையாம்.

வழியில் பியானோவைச் சொன்னேன். சொல்லாமல் கூட்டிப்போக மனம் வரவில்லை.

“நானா பட்டன அமுக்குனேன்?”

“ஆமா.”

“நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க.”

ஊர் வந்தது. உரும்கான் கதவைத் திறந்துகொண்டு முற்றத்தில் நின்றாள். நான் இறங்கப் போனேன். “நீங்க வராதீங்கக்கா” என்றாள் மீரிம், திரும்பிப் பார்க்காமல்.

சகதியில் கார் ஓரமாக நின்றேன். அவள் கேட்டுக்குள் போனாள். செருப்பைக் கழற்றவில்லை. அம்மாவிடம் போய்ச் சேருவதற்குள்ளேயே “அண்ணே!” என்று ஒரு குரல் எழுந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறந்தவருக்காக இரண்டு கைகளையும் விரித்து வேண்டி முகத்தில் தடவிக்கொண்டார். நானும் தடவிக்கொண்டேன்.