வந்துவிட்டது என்று சொன்னேன்

மார்ச் 4, செவ்வாய்

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். இதை யாரும் திறக்க மாட்டார்கள்.

காரை விற்பதென்று முடிவாகிவிட்டது. எங்கள் ஊர் ஆத்-பாஷியிலிருந்து நரினுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினம் மூன்று நடை ஓட்ட அப்பாவின் முதுகு இனிமேல் தாங்காது. இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார். கார் போனால் நான்கு பால் குதிரைகள் வாங்கலாம். கோடையில் மலை மேய்ச்சலுக்கு ஏறி, குதிரைப் பாலைப் புளிக்கவைத்துக் குமிஸ் விற்றுப் பிழைக்கலாம். அது நடக்கவில்லை என்றால் அப்பா மாமாவோடு ரஷ்யாவுக்குப் போய்க் கிடங்கில் மூட்டை தூக்க வேண்டும். அந்த முதுகோடு.

விளம்பரத்தை நான்தான் போட்டேன். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் என் எண்; அவருடைய வங்கிக் கணக்கும் என் கைபேசியில்தான். வெள்ளை ஹோண்டா, நாலரை லட்சம் சோம். அப்பா சொன்னது: "எஞ்சினப் பத்திக் கேட்டா சொல்லு, விலையச் சொல்லு. வேற பேச்சு வேணாம். காசு போட்டாச்சுன்னு படம் அனுப்புவானுங்க, அத நம்பாத. நம்ம கணக்கத் தெறந்து பாரு. அப்புறம்தான் சாவி."

மார்ச் 6

பதினோரு பேர் கேட்டார்கள். பத்துப் பேர் பாதி விலைக்கு. தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து மிர்லான் என்று ஒருவர் மட்டும் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. கார் யார் ஓட்டியது, அப்பா உடம்பு எப்படி, நீ எந்த வகுப்பு என்று கேட்டார். "தங்கச்சி" என்றுதான் எழுதுகிறார்.

மார்ச் 11

இன்றும் எழுதினார். வேதியியல் பிடிக்கும் என்று சொன்னதற்கு, "அப்போ டாக்டரம்மாதான்" என்றார். வீட்டில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

நீங்கள் எந்தக் குலம் என்று கேட்டார். செரிக் என்றேன். தானும் செரிக் என்றார். ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயரும் தெரியுமா, இந்தக் காலத்துப் பெண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது என்று சீண்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழையும் வரிசையாக எழுதி அனுப்பினேன். கைதட்டுகிற படம் ஒன்று வந்தது.

வேறு பேச்சு வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். இது வேறு பேச்சா?

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் மிர்லான் வந்தார். நல்ல கோட்டு. அம்மாவுக்கு ஒரு சால்வை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முன்பின் தெரியாதவர் போல உட்கார்ந்தார். அம்மா கறி வறுத்து வைத்தாள். அப்பா ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்து, வழக்கம்போல, யார் பிள்ளை என்று கேட்டார். மிர்லான் கண்ணை மூடிக்கொண்டு தன் பாட்டன்மாரைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் மூன்று எங்களுக்குத் தெரியாத பெயர்கள். நான்காவது தோலோன். ஐந்தாவது பைசாக். அப்பாவின் கண் விரிந்தது.

"தம்பி, மாத்திச் சொல்ற. பைசாக் மகன் கசிமாலி, கசிமாலி மகன் தோலோன். நடுவுல ஒருத்தர விட்டுட்டியே."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மிர்லானுக்கு அனுப்பும்போது கசிமாலியை இடம் மாற்றி மேலே எழுதியது நான். அவசரத்தில் செய்த தப்பு. என் தப்பு அந்த ஆளின் வாயிலிருந்து வருகிறது.

அப்பா எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். "என் சொந்த ரத்தம்டா நீ" என்றார். அவர் முகம் இவ்வளவு மலர்ந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்ன சொல்வது? முகம் தெரியாத ஆம்பளையோட ஒன்பது நாளா பேசிட்டிருந்தேன், அப்பா, நான்தான் இதெல்லாம் சொல்லிக் குடுத்தேன் — இப்படியா?

நோட்டரியிடம் போய் அப்பா பவர் எழுதிக் கொடுத்தார். பேர் மாற்றுவது பிறகு பார்த்துக்கொள்ளலாமாம், எல்லோரும் செய்வதுதானே. திரும்பி வந்ததும் மிர்லான் கைபேசியைத் தட்டினார். எனக்கு ரசீதுப் படம் வந்தது. நாலரை லட்சம், பச்சை முத்திரை, அப்பாவின் பெயர்.

கணக்கைத் திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

எல்லோருக்கும் முன்னால் அப்பா கேட்டார்: "வந்துருச்சா பெர்மெத்?"

ரொட்டி பரப்பிய விரிப்பின் முன்னால் உட்கார்ந்து, சொந்தக்காரனை எதிரில் வைத்துக்கொண்டு, நான் கைபேசியை உற்றுப் பார்த்தபடி இருந்தேன். "புள்ள என்ன, வங்கி அதிகாரி மாதிரி பாக்குது" என்று மிர்லான் சிரித்தார். அம்மா என் தொடையில் கிள்ளினாள், அவமானப்படுத்தாதே என்று.

"வந்துருச்சு" என்றேன்.

மார்ச் 15

கணக்கில் 312 சோம்தான். காலையில் 312. மதியம் 312. பெரிய தொகை, சனி ஞாயிறு தாமதமாகும். அப்படித்தான் இருக்கும்.

அவருக்கு எழுதினேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

அப்பா கொட்டகையில் புதுக் கட்டுத்தறி அடித்துக்கொண்டிருக்கிறார். நடுநடுவே முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார், ஆனாலும் வாய் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறது.

மார்ச் 16, ஞாயிறு

சந்தை. அப்பா என்னையும் கூட்டிப் போனார், பணம் அனுப்ப. நான்கு குதிரைகளும் பார்த்தாயிற்று, இரண்டு சினை. விற்பவர் கையை அப்பா பிடித்தார். இருவரும் குலுக்கிக் குலுக்கி விலை பேசி முடித்தார்கள். சுற்றி நின்றவர்கள் வாழ்த்தினார்கள்.

"அனுப்பும்மா."

நான் அழுதுவிட்டேன். பிறகு — இதை எழுதவே கூசுகிறது — "வந்துச்சுப்பா, திரும்பிப் போயிருச்சு" என்றேன்.

மறுபடியும் பொய்.

அப்பா குதிரை விற்பவரின் கையை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மெதுவாக விட்டார். கை குலுக்கிய பேச்சை அவர் இதுவரை முறித்ததில்லை. ஊரே பார்த்தது.

மார்ச் 18

காவல் நிலையம் போவதற்கு முன் அத்தனை பேச்சையும் அழித்துவிட்டேன். அவருடைய குரல் பதிவுகள் மூன்று இருந்தன. அவையும் போயின. அதிகாரி முதலில் கேட்டதே அதைத்தான். குரலாவது இருந்தால் பழைய ஆட்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்றார். நினைவக அட்டை நிறைந்துவிட்டது, அதனால் அழித்தேன் என்றேன். பவரில் கையெழுத்து உங்களுடையது, கார் இந்நேரம் இரண்டு கை மாறியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னார்.

வீட்டில் அம்மா சால்வையை அடுப்பில் போட்டாள். "உங்க ரத்தம் குடுத்தது" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவின் வாய் அடங்கும். சொல்லவில்லை.

மார்ச் 21

எங்கள் வசந்தகாலப் புது வருஷம். யாரும் எங்கும் போகவில்லை.

ஏப்ரல் 2

மாமா அப்பாவுக்கு ரஷ்யா டிக்கெட் எடுத்துவிட்டார். பன்னிரண்டாம் தேதி. அப்பா முதுகுக்கு ஒரு பட்டை வாங்கியிருக்கிறார், குதிரைச் சேணத்துப் பட்டை போல அகலமாக.

ஏப்ரல் 7, திங்கள்

வகுப்பு நேரத்தில் சல்கின் டீச்சர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். உங்கள் வீட்டில்தானே நடந்தது, இணையத்தில் வண்டி விற்கிறவர்கள் எப்படி ஏமாறாமல் இருப்பது என்று மற்றவர்களுக்குச் சொல் என்றார். நல்ல எண்ணத்தில்தான்.

சொன்னேன். படத்தில் இருப்பது பணம் இல்லை. நம் கணக்கைத் திறந்து, தொகை ஏறியதா என்று நாமே பார்க்க வேண்டும். பார்க்கும் வரை சாவி கிடையாது, கையெழுத்து கிடையாது. சொந்தம் என்றாலும் கிடையாது. எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பின்வரிசை அஸ்கத் கேட்டான்: "இவ்ளோ தெரியும்ல. அப்புறம் உங்கப்பா ஏன் குடுத்தாரு? அவ்ளோ ஏமாளியா?"

சிலர் சிரித்தார்கள்.

"எங்கப்பா ஏமாளி இல்ல. வந்துருச்சான்னு கேட்டாரு. வராமலே வந்துருச்சுன்னு சொன்னது நான். பாட்டன்மார் பேர அவனுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

டீச்சர் என்னை உட்காரச் சொல்ல மறந்துவிட்டார். மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 8

ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என்னை அறைந்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வெளியே போய்விட்டார். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 12, சனி

அப்பா இன்று கிளம்பினார்.

மாமா கொடுத்த பழைய தொடுதிரைக் கைபேசியைக் காலையில் என்னிடம் நீட்டி, கணக்கை எப்படித் திறப்பது என்று கேட்டார். ஊருக்குத் தெரிந்த நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு. காட்டினேன். இன்னொரு தடவை என்றார். காட்டினேன். மூன்றாவது தடவை கைபேசியை வாங்கிக்கொண்டு, தடித்த விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு, தானே திறந்தார். 312 சோம் என்று வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி. இனிமே நானே பாத்துக்கறேன்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டிப்போக வந்த வண்டியின் கதவைப் பிடித்து மெல்ல ஏறினார்.