வலி நின்ற வியாழக்கிழமை

உன் கைப்பையைக் கேட்டு உன் தங்கை காலையில் வந்திருந்தாள். எடுத்துக் கொடுக்கலாம் என்று ஜிப்பைத் திறந்தேன். கிராம்புத் தைல வாசனை முகத்தில் அடித்தது. உள்ளறையில் இருந்த சின்னக் குப்பி கசிந்து, உன் பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன. துடைத்து, நாளை சனிக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. நீ போன இந்த ஐந்து மாதத்தில் என்னிடம் யாரும் எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை.

நீ பெங்களூரு மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவள். தெருவில் யாரையும் ஒரு கை பார்ப்பாய். ஊசிக்கு மட்டும் பயம். வலது கடைவாய்ப் பல்லில் குழி விழுந்திருக்கிறது, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று பல் டாக்டர் சொன்னபோது, "நீ பக்கத்துல உக்காந்தாதான் வாயத் தொறப்பேன்" என்றாய். சனிக்கிழமை போகலாம் என்றேன். அந்தச் சனிக்கிழமை ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ். அடுத்த சனிக்கிழமை, அந்த ரிலீஸில் வந்த கோளாறு. நீ தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்துக்கொண்டு, இடது பக்கமாகவே மென்று, நர்சரி ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வருக்கு ஒண்ணுன்னா எழுந்து ஓடுற. என் பல்லையும் அதுல சேத்து வுடேன், அப்பவாவது பாப்ப."

நான் சிரித்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை வலி தானாகவே நின்றது. வறுத்த வேர்க்கடலையை வலது பக்கமாகக் கடித்துக் காட்டினாய். என் வேலைதான் உனக்குத் தெரியுமே. ஏதாவது கோளாறு என்றால் சர்வர்கள் அனுப்பும் அலர்ட்டுகளைப் பார்ப்பது. தானாக அடங்கிய அலர்ட்டுக்கு 'சரியாகிவிட்டது' என்று எழுதி மூடிவிடுவோம். உன் பல்லையும் அப்படித்தான் மூடினேன். அந்த வாரச் சனிக்கிழமைக்கு வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்டை நானே போன் செய்து ரத்து செய்தேன். சாயங்காலம் அல்சூர் ஏரிப் பக்கம் போய்ச் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன். கொண்டாட்டமாம்.

வலி நின்றது பல் தேறியதால் இல்லை, உள்ளே நரம்பு செத்துப்போனதால். இதை நான் மிகவும் தாமதமாகப் படித்தேன்.

மூன்று வாரம் கழித்து உனக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வைரல் என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஒரு டாக்டர் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததையும், அதில் இதய வால்வு ஒன்று லேசாகக் கெட்டதையும் நீயே சொன்னாய். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"சமீபத்துல பல்லுல ஏதாவது தொந்தரவு இருந்துச்சா?"

நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "இருந்துச்சு சார். அது சரியாயிடுச்சு."

நீ என்னைப் பார்த்தாய். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பேசாமல் இருந்துவிட்டாய்.

நான்காம் நாள் இன்னொரு டாக்டர் உன் வாயைத் திறக்கச் சொல்லி அந்தப் பல்லைத் தட்டிப் பார்த்தார். வேரில் சீழ். அங்கிருந்த கிருமி ரத்தத்தோடு போய் அந்த வால்வில் உட்கார்ந்துவிட்டது என்றார். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அதுவரை நீ இருக்கவில்லை. முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்று என் தோளைத் தட்டினார். அந்த இரக்கத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

காரியத்துக்கு வந்த என் பெரியப்பா, "பல்லு வலியில யாராவது சாவாங்களா, வேற என்னமோ இருந்திருக்கும்டா" என்றார். இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. நானும் அதே அளவுக்குத் தெரிந்தவனாகத்தான் இருந்தேன்.

இப்போது ஆபீஸில் அடங்கிப்போன அலர்ட்டை நான் மூடுவதில்லை. பக்கத்து சீட்டுக்காரன், "அதான் நின்னுடுச்சே குரு, வா டீ குடிக்கலாம்" என்கிறான். நான் உள்ளே போய்த் தோண்டிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை.

நாளை உன் தங்கை வீட்டுக்குப் போக இன்று மத்தியானம் மேனேஜரிடம் லீவு கேட்டேன். இந்தச் சனிக்கிழமையும் ரிலீஸ்தான். மேனேஜர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "ஒரு நாள்தானே, போய்ட்டு வா. யாராவது பாத்துப்பாங்க. எப்பவும் எல்லாருக்கும் குடுக்கறதுதானே" என்றார்.

அந்த இரண்டு சனிக்கிழமையும் நான் லீவு கேட்கவே இல்லை.