மழை என்று மட்டும் எழுதிய பலகை

மச்சான்,

பேராக் மலைப்பகுதிகளில் கனமழை பெய்யும் என்று காலையில் வானொலியில் சொன்னார்கள். கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஈப்போவில், இந்த அடுக்குமாடி வீட்டில், அதைச் சொல்லி அலுத்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. நீ இருந்தால், "சரி, அதுக்கு என்னா செய்யச் சொல்றான்?" என்று வானொலியோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

எழுபதுகளில் தைப்பிங் மலைமேல் மழை அளக்கும் வேலை உனக்கு. அடிவாரத்து ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான். நீ தொலைபேசியில் சொல்வதை ஆபீஸ் வாசல் பலகையில் எழுதுவேன். ஒருநாள் விடிந்ததும் கூப்பிட்டாய். மேலே பேய்மழை, சரிவில் மண் இளகுகிறது, கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்களிடம் சொல் என்றாய். "மலையில் பலத்த மழை, எச்சரிக்கை" என்று முத்து முத்தாக எழுதிவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு மழை என்றால் அன்று வெட்டு இல்லை, அவ்வளவுதான். பலகையைப் பார்த்தவர்கள் கத்தியை வைத்துவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போய் இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அந்தச் சரிவின் அடியிலேயே.

நீ மோட்டார் சைக்கிளில் தொப்பலாக வந்து இறங்கினாய். சாத்திக் கிடந்த கதவுகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"மழைன்னு எழுதுனா லீவுன்னுதான் படிப்பாங்க. பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போங்கன்னு எழுதணும் லா."

இருவரும் ஓடி ஓடிக் கதவைத் தட்டினோம். நண்பகலில் சரிவு இறங்கிக் கீழ் லயத்துச் சமையலறைகளை மூடியது. பள்ளிக்கூடத்தில் தலைகளை எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. அதன் பிறகு, என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பலகையில் முதலில் எழுதினேன்.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றார்கள். சனங்கள் ஆயர் தாவார், ஈப்போ என்று சிதறினார்கள். நமக்கும் வயதாகிவிட்டது. போன வருஷம் ஒரு புதன்கிழமை உன் மனைவி கூப்பிட்டார்.

"அண்ணே, அவருக்கு ஒடம்பு சரியில்ல."

பார்த்துக்கொள்ளம்மா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமையே நீ போய்விட்டாய்.

உன் மனைவி "வாங்க" என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தனை வருஷம் பலகை எழுதியவன், மச்சான், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது யார் கூப்பிட்டாலும், நலம் விசாரிக்கும் முன்பே, "நான் வரணுமா?" என்று கேட்டுவிடுகிறேன். கூப்பிடுகிறவர்கள்தாம் குறைந்துவிட்டார்கள்.