டாக்டரம்மா வரும் செவ்வாய்

குரங்கணி மேல்மலை
20.9.2023

அன்பும் மரியாதையுமுள்ள டாக்டரம்மாவுக்கு,

ஏலக்காய் எடுக்கிற செல்லக்கிளி எழுதுவது. கடைவாயில் உடைந்த பல்லும் கன்னத்தில் ஆறாத புண்ணுமாக வந்தவள் என்றால் ஞாபகம் வரும். நாங்கள் சுகம் என்று எழுத ஆசைதான்.

மூன்று செவ்வாய் கூலியை விட்டு மலையிறங்கி வந்தேன். ஆஸ்பத்திரியில் பல் அறை பூட்டிக் கிடந்தது. கம்பவுண்டர்தான், "அம்மாவுக்கு மாற்றல் ஆயிருச்சே, தெரியாதா?" என்றார். போடியில் உங்கள் அப்பா ஸ்டான்லி ஐயா கடையில் கேட்டு இந்த விலாசம் வாங்கினேன். மேலே போனுக்கு சிக்னல் கிடையாது.

"அடுத்த செவ்வா வாங்க. குத்துற பல்லு முனையைத் தேய்ச்சு விட்டுட்டு, புண்ணுல துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன். அதுவரைக்கும் யாரையும் வாயில கைவைக்க விட்றாதீங்க" என்று சொன்னீர்கள். விடவில்லை. சந்தையில் பல் பிடுங்குகிறவன் கூப்பிட்டும் போகவில்லை. நீங்கள் சொன்னபடி புகையிலையையும் விட்டுவிட்டேன். புண் மட்டும் அப்படியே இருக்கிறது.

எப்போது வருவீர்கள்?

இப்படிக்கு உங்களை எதிர்பார்க்கும்
செல்லக்கிளி


திருவண்ணாமலை
11.10.2023

அன்புள்ள செல்லக்கிளி அக்காவுக்கு,

கடிதம் கண்டு சந்தோஷமும் வருத்தமும். காலையில் உத்தரவு வந்து மாலையில் பொறுப்பை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம்.

புகையிலையை விட்டதற்கு உங்களுக்கு ஒரு முத்தம். புண் ஆறாவிட்டால் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நானும் மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். அநேகமாகத் தீபாவளிக்குள் அங்கே வந்துவிடுவேன். கவலைப்படாதீர்கள்.

அன்புடன்
ஷெர்லின்


குரங்கணி மேல்மலை
28.11.2023

டாக்டரம்மாவுக்கு,

தீபாவளி போய்விட்டது. அடுத்து வந்த இரண்டு செவ்வாயும் கீழே வந்து பார்த்தேன்.

தேனிக்குப் போகவில்லை. ஜீப்பு, அப்புறம் இரண்டு பஸ்சு. போனாலும் ஒரு நடையில் முடியாது என்கிறார்கள். காய் எடுப்பு நேரத்தில் அத்தனை நாள் வேலையை விட முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒச்சப்பனும், "அந்தம்மாதான் வர்றேன்னு எழுதியிருக்காகல்ல? பெறகு எதுக்கு ஊர் ஊரா அலையிற?" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தெரிந்த கை வேண்டுமல்லவா.

இப்போது வாய் சரியாகத் திறப்பதில்லை. இரண்டு விரல் நுழையவில்லை. கஞ்சிதான். காலையில் தலையணையில் ரத்தம் இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய் உட்காருகிறார்கள். வாடை அடிக்கிறது போல. யாரும் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருவீர்கள்தானே? அன்றைக்கு ஒரு நிமிஷம் பார்த்தால் போதும்.

செல்லக்கிளி


திருவண்ணாமலை
4.12.2023

அக்கா,

எனக்காகக் காத்திருக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் வரைக்கும் வேண்டாம், நாளை வரைக்கும்கூட வேண்டாம். இந்தக் கடிதத்தோடு அப்பா ஜீப்பு அனுப்புவார். அதிலேயே ஏறித் தேனிக்குப் போங்கள். உள்ளே வைத்திருக்கும் சீட்டை அங்கே காட்டுங்கள். ஒச்சப்பன் அண்ணனையும் கூட்டிப் போங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் உங்கள் வாயைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம். அன்றே துளி எடுத்திருக்கலாம். வெளியே நாற்பது பேர் நின்றார்கள், நான் ஒருத்தி. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். பிறகு, உங்களைத் தேற்றுவதாக நினைத்துத் தீபாவளி என்று எழுதினேன். அப்படி எனக்கு யாரும் உறுதி சொல்லியிருக்கவில்லை.

என்னை மன்னியுங்கள். வெரசாகப் போங்கள்.

ஷெர்லின்


குரங்கணி
25.2.2024

டாக்டரம்மாவுக்கு,

தேனியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். பொங்கல் முடிந்து அங்கே ஆபரேஷன் செய்தார்கள். இடப்பக்கக் கன்னமும் தாடையில் பாதியும் எடுத்தாகிவிட்டது. தொடையிலிருந்து சதை வெட்டி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் சின்ன வேலை என்று அங்கே ஒரு டாக்டர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான் பேசுவது ஒச்சப்பனுக்குப் பாதிதான் புரிகிறது. மீதியைப் புரிந்ததுபோல் தலையாட்டுகிறார். புற்று திரும்ப வராமலிருக்க இனிமேல் கரண்டு வைக்க வேண்டுமாம். அதற்கும் மதுரைதான்.

நீங்கள் பிறகு எழுதிய மூன்று கடிதமும் வந்தன. மூன்றிலும் மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு வாசலில் நின்ற கூட்டத்தை நானும் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு பிள்ளை வலியில் கத்திக்கொண்டே இருந்தது. நான்தான், "அதை முதல்ல பாருங்கம்மா, நான் அடுத்த வாரம் வர்றேன்" என்று எழுந்தேன். அது உங்களுக்கு மறந்திருக்கும்.

உங்கள்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். எழுத வரவில்லை.

உங்கள் கையெழுத்தைக் கண்டாலே அழுகை வருகிறது. அழுதால் தைத்த இடம் சுண்டி இழுக்கிறது. அதனால் இனி எனக்கு எழுத வேண்டாம், தாயி.

செல்லக்கிளி