கீழே விழுந்தவன் அடிக்கக்கூடாது

14 நவம்பர், திங்கள்

அறுபத்துமூன்றில் லெங்கெடெ இரும்புச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து, எல்லோரும் செத்திருப்பார்கள் என்று இரங்கல் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த பிறகு பதினொரு பேரை உயிரோடு மேலே தூக்கினார்களே, அதற்கு அடுத்த வருஷம். ஜூன் மாதம். ஊரே எங்களை லெங்கெடெக்காரர்கள் என்று கூப்பிட்டது. எங்கள் கால்பந்து அணியும் பதினொரு பேர். எங்களையும் எல்லோரும் கைகழுவியிருந்தார்கள். அப்படியிருந்தும் முதல் பிரிவுக்குப் போக ஒரே ஆட்டம்தான் பாக்கி என்ற இடத்துக்கு வந்திருந்தோம்.

அதை இன்றைக்கு ஏன் நினைக்கிறேன்? காலையில் ஹைகே வந்தாள்.

"அப்பா, எவால்ட் அங்கிளை பார்பரா இல்லத்துல சேத்துட்டாங்களாம். நுரையீரல் சுத்தமாப் போச்சாம். கிறிஸ்துமஸ் தாண்டாதுன்னு பேசிக்கிறாங்க."

போனால் என் முகத்தைப் பார்ப்பானா?

அவள்தான் இந்தக் கைபேசியையும் கொடுத்தாள். "நீங்க பேசுங்க, அதுவே எழுதிக்கும்." எனக்கு எழுத்து வராது. போருக்குப் பிறகு பள்ளிக்கூடம் என்று கூரையில்லாத ஓர் அறை இருந்தது. பாடத்தைவிட அடுப்புக்குக் கரி பொறுக்கியதுதான் அதிகம். பதினாலு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டேன். என் பெயரை மட்டும் எழுதுவேன். சிறுவர்கள் நீட்டிய அட்டைகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு வந்தது.

16 நவம்பர்

போகவில்லை. இடுப்பு வலி என்று ஹைகேயிடம் சொன்னேன். இடுப்பு எப்போதும்தான் வலிக்கிறது.

18 நவம்பர்

தூக்கம் சரியில்லை. அந்த ஆட்டம் வந்து வந்து போகிறது. சொல்லிவிட்டால் ஒழியுமா பார்ப்போம்.

காலையிலிருந்தே மழை. தோல் பந்து நனைந்து ஈயக்குண்டு மாதிரி கனத்தது. தலையால் முட்டினால் காதுக்குள் மணி அடிக்கும். ஆளுக்கு இரண்டு கோல். எங்களுடைய இரண்டும் நான் போட்டவை. எங்களுக்கு வெற்றி வேண்டும், சமன் போதாது. முடிய ஒரு நிமிஷமோ ஒன்றரையோ இருந்தபோது அவர்களுடைய தடுப்பாட்டக்காரன் என் காலை வாரினான். சேற்றில் முகம் புதைய விழுந்தேன். விசில். பெனால்டி.

எழுந்தேன். முழங்கால் வலித்தது, ஆனால் நடக்க முடிந்தது. பந்து என் கையில். அடித்திருப்பேன். எந்த மூலைக்கு என்றுகூட முடிவு செய்துவிட்டேன். ஆனால் கீழே விழுந்தவனே பெனால்டி அடிக்கக்கூடாது. எந்தச் சட்டத்திலும் இல்லை. ஜெர்மனியில் பந்து உதைக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும் — விழுந்தவன் அடித்தால் தவறும். பயிற்சியாளர் எல்லைக்கோட்டிலிருந்து கத்தினார்: "ஃபோன்ஸ், நீ வேண்டாம்! நீ வேண்டாம்!"

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். எவால்ட் குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் இடதுபக்க ஆட்டக்காரன், சுரங்கத்தில் என் கூட்டாளி, என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். அவன் கையில் பந்தை வைத்தேன்.

கம்பத்துக்கு மேலே போயிற்று. பாப்ளர் மரங்களுக்குள். சத்தமே இல்லை, அவ்வளவு ஜனம் இருந்தும்.

20 நவம்பர், ஞாயிறு

செத்தவர்களை நினைக்கும் ஞாயிறு. என் மனைவி ரெனாட்டெயின் கல்லறையில் விளக்கு வைத்தேன். தொலைக்காட்சியில் உலகக் கோப்பை ஆரம்பம். பாலைவனத்தில், நவம்பரில். ரெனாட்டெ இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

23 நவம்பர்

பெனால்டிக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கோல் போட்டதால் தெற்கிலிருந்து ஒரு பெரிய அணி என்னைக் கூட்டிக்கொண்டு போனது. ஏழு வருஷம் முதல் பிரிவில் ஆடினேன். முழங்காலில் ஊசி குத்திக்கொண்டு ஆடினேன். குத்துகிற மருத்துவர் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார், முழங்காலோடுதான் பேசுவார். முப்பத்தொரு வயதில் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி லாட்டரியும் சிகரெட்டும் விற்கிற கடை போட்டேன். செய்தித்தாளை ரெனாட்டெ வாசிப்பாள், நான் கேட்பேன்.

எவால்ட் சுரங்கத்திலேயே கிடந்தான். கல்தூசி. சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டில் ஏறும்போதெல்லாம் யாராவது ஒருவன் ஆரம்பிப்பான்: "பாத்து எவால்ட், உன் பந்து இப்பத்தான் இறங்குது, தலைல விழுந்துடப்போவுது!" மதுக்கடையில் அதே பேச்சு. ஓய்வு பெற்ற அன்றைக்கும் அதைச் சொன்னார்களாம்.

என் கடை அவன் வீட்டுக்கு எதிர்ச்சாரியில். ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. மழையோ பனியோ, ரயில் நிலையம்வரை நடந்துபோய் சிகரெட் வாங்குவான். கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். எத்தனை வருஷம்! கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது?

26 நவம்பர்

போனேன். தாதிப் பெண் அறைக்குள் போய்விட்டு வந்தாள்.

"அவர் தூங்குறாருங்க ஐயா."

"தூங்குறேன்னு அவரே சொன்னாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்க."

டிராமில் திரும்பினேன். நின்றுகொண்டே.

2 டிசம்பர்

உலகக் கோப்பையில் நம் ஆட்கள் முதல் சுற்றோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அலுப்பு. எதற்கு என்றே தெரியாத அலுப்பு.

4 டிசம்பர், ஞாயிறு

புனித பார்பராவின் நாள், எங்கள் சுரங்கக்காரர்களின் நாள். செர்ரிக் கிளை ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். இன்று தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். தாதியிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே உள்ளே போனேன்.

ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தான். மூக்கில் குழாய். திரும்பவில்லை.

"இடுப்பை மாத்திட்டானுங்களா?"

"ரெண்டு பக்கமும்."

"அதான். நடந்து வரும்போதே கரிவண்டி மாதிரி சத்தம்."

உட்கார்ந்தேன். குவளையில் கிளையை வைத்தேன். அதைப் பார்த்தான்.

"பூக்கிறதைப் பாக்க நான் இருக்க மாட்டேன், ஃபோன்ஸ்."

"நேத்து ஆட்டம் பாத்தியா?"

"நம்மாளுங்க போனப்புறம் எவன் பாப்பான்?" இருமினான். நெடுநேரம் இருமினான். நான் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டேன். தோள்பட்டை எலும்பு இரண்டும் கையில் குத்தின. அப்படியே பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அந்தப் பந்தை உன்கிட்ட குடுத்திருக்கக்கூடாதுடா."

திரும்பினான். இத்தனை காலம் கழித்து அந்தக் கண்.

"நீ எங்கடா குடுத்தே? நான்தான் கேட்டு வாங்கினேன்."

"இல்லை எவால்ட். நீ குனிஞ்சு காலுறையை—"

"உனக்கு என்ன தெரியும்? சேத்தைத் தின்னுக்கிட்டுக் கிடந்தே. பதினொருத்தனும் பயந்து நின்னானுங்க. குடுடா, நான் அடிக்கிறேன்னேன். நான்தான் கேட்டேன்."

இந்த ஊரில் என் ஞாபகத்தை யாரும் சந்தேகித்ததில்லை. எழுதத் தெரியாதவனுக்கு அது ஒன்றுதானே உடைமை. அவன் கேட்கவில்லை. பந்து வருகிறது என்று தெரிந்ததும் அவன் கைகள் பின்னால் போனதுகூட எனக்குத் தெரியும்.

அவன் தலையணையை நிமிர்த்திவைத்தேன்.

கேட்டு வாங்கியவன் தவறவிட்டால் தவறும் அவனுடையது, துணிச்சலும் அவனுடையது. கையில் திணிக்கப்பட்டவனுக்கு எது சொந்தம்? பாப்ளர் மரம் மட்டும்தான். என்றைக்கு அந்த ஞாபகத்தை மாற்றிக்கொண்டானோ, பாவம். எந்த நாள், எந்தக் கூண்டில் கீழே இறங்கும்போதோ.

"ஆமாடா," என்றேன். "நீதான் கேட்டே. மறந்துபோச்சு."

"இப்பவாவது ஞாபகம் வந்துச்சே! வயசாயிடுச்சு உனக்கு."

"அப்புறம் ஏன்டா என் கடைக்கு வரலை?"

"உன் சிகரெட்டு ஈரமா இருக்கும்னு சொன்னாங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு இடுப்பு வலித்தது.

5 டிசம்பர்

போனேன். சூப் ஊட்டினேன். உப்பில்லை என்று என்னைத் திட்டினான்.

7 டிசம்பர்

எவால்ட் விடியற்காலையில் போய்விட்டான்.

11 டிசம்பர், ஞாயிறு

பழைய மைதானம். நாங்கள் இப்போது ஐந்தாம் பிரிவில் ஆடுகிறோம். ஆட்டத்துக்கு முன் எவால்டுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்கப்போகிறார்கள் என்று ஹைகே கூட்டிக்கொண்டு போனாள். ஒலிபெருக்கியில் பேசுகிற பெண் புதியவள், என்னைத் தெரியாது.

"ஐயா, நீங்க பழைய ஆளுங்கிறாங்க. அந்தப் பெனால்டியைப் பத்திச் சொல்லணுமா, விட்டுடலாமா? எல்லாரும் அதையே சொல்றாங்க. பாவமா இருக்கு."

"சொல்லும்மா. கட்டாயம் சொல்லு. பதினொருத்தர்ல அடிக்கிறதுக்கு ஒருத்தருக்கும் தைரியம் வரலை. எவால்ட் பிரிங்க்ஹோஃப் தானாக் கேட்டு வாங்கினான். அப்படியே சொல்லு."

"நிஜமாவா? இதை யாரும் சொன்னதே இல்லையே!"

"பந்து அவன் கைக்குப் போனப்ப நான் பக்கத்துல இருந்தேன்."

சொன்னாள். ஒலிபெருக்கி கரகரத்தது. தொப்பிகளைக் கழற்றினார்கள். பின்வரிசையில் ஒரு கிழவன், எவால்டோடு கூண்டில் ஏறியவனாக இருக்கவேண்டும், பக்கத்தில் இருந்தவனிடம் "அட, கேட்டு வாங்கினானாம்டா" என்றது என் காதில் விழுந்தது. மரங்களை எப்போதோ வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் வெறும் வானம்தான்.

பிறகு அவள் ஓடிவந்தாள். "ஐயா, அந்த அணியில இன்னும் யாராவது உயிரோட இருக்காங்களா? இடைவேளையில பேரைச் சொல்லிக் கைதட்டலாம்."

"ஒருத்தன் இருக்கான்."

"பேர் பெரிசா இருந்தா எழுதியே குடுத்துடுங்களேன். தப்பாப் படிச்சிடுவேன்."

காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். விரல் விறைத்திருந்தது. மெதுவாக எழுதினேன், எனக்கு எழுதத் தெரிந்த அந்த ஒன்றை: அல்ஃபோன்ஸ் பாவ்லிட்ஸ்கி.